சுருட்டின் மேல் இலை

உள்ளே இருக்கும் புகையிலைக் கலவை ஒன்றுதான். மேலே சுற்றும் இலையை மட்டும் மாற்றினால் சுருட்டின் சுவையே வேறாகிவிடும்.

அமெரிக்காவில் புதியவர்கள் பெரும்பாலும் தொடங்குவது கனெக்டிகட் நிழல் இலையில். 1900-இல் கனெக்டிகட் மாநிலத்தின் வின்ட்சர் பகுதியில் சுமத்ரா விதையை விதைத்து, வயல் முழுவதும் துணிப் பந்தல் போட்டார்கள். நேர் வெயில் படாததால் இலை மெலிந்தது, நரம்புகள் நுணுகின, நிறம் வெளிறி, சுவை மென்மையானது.

நாக்கு பழகப் பழக, தேடும் நிறமும் அடர்கிறது. கியூபாவில் பிறந்த கொரோஹோ இலையில் மிளகுக் காரம் தெரியும். அதற்கும் அப்பால் மதுரோ. தடித்த இலைகளை அம்பாரமாக அடுக்கி, மாதக்கணக்கில் நொதிக்க விடுவார்கள். குவியலுக்குள் எழும் சூட்டில் இலை கறுத்து, காப்பியையும் கோகோவையும் ஒத்த இனிப்பு ஏறும்.

கறுத்த இலை என்றால் வீரியமும் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், சுருட்டின் வீரியத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உள்ளே வைக்கும் புகையிலைதான்.

எந்த இலையைச் சுற்றினாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உண்டு.