அப்பா வரட்டும்!

1961-ஆம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் தோன்றின. அன்றுமுதல் நம் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றின் பொழுதை ஷிப்டுகளே அளந்து வருகின்றன. இன்று பூந்தமல்லி வழியே ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளிலும் நம் தந்தையர் பலர் பயணம் செய்கின்றனர்.

இவ்வீடுகளில் குழந்தை தன் தந்தையை எவ்வாறு அறிகிறது? இரவு ஷிப்டு வாரத்தில், பகலில் உறங்குபவராக அறிகிறது. மாலை ஷிப்டு வாரத்திலோ, பிள்ளை பள்ளியிலிருந்து திரும்புமுன் அவர் புறப்பட்டுவிடுகிறார். அவர் திரும்புகையில் பிள்ளை உறங்கிவிடுகிறது. இடைப்பட்ட வெற்றிடத்தில் தாயின் குரல் ஒலிக்கிறது: "அப்பா வரட்டும், சொல்கிறேன்!"

குறும்பை அடக்கச் சொல்லும் சொல்தான் அது. ஆயினும், கண்ணெதிரே இல்லாத தந்தைக்கு அது ஒரு முகத்தை வரைந்துவிடுகிறது, தண்டிப்பவரின் முகத்தை. பிள்ளைகளுக்காகவே உடல் தேய உழைப்பவர் அப்பிள்ளைகளின் மனத்தில் அஞ்சத்தக்க அந்நியராகிறார். இதில் குற்றவாளி எவருமில்லை. இழப்போ அனைவருக்கும் உண்டு.

1981-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலில், தந்தை இல்லாமையும் தந்தையின் அடக்குமுறையும் குடும்ப உறவைக் குலைக்கும் என்று எச்சரித்தார். குழந்தையின் பார்வையில் இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்துவிடுவதை நாம் காண்கிறோம்.

இவ்விழப்பு விசுவாச வாழ்வையும் தொடுகிறது. இயேசு இறைவனை அழைத்த அரமேயச் சொல் நம் 'அப்பா'வை எவ்வளவு நெருங்கி ஒலிக்கிறது! கெத்சமனித் தோட்டத்து வேதனையிலும் அச்சொல்லே அவர் நாவில் எழுந்தது என்கிறார் மாற்கு. 'அப்பா' என்றால் அச்சம் என்று கற்ற குழந்தை, ஆண்டவர் கற்பித்த செபத்தை எம்மனத்தோடு சொல்லும்?

புனித சூசையப்பர் பேசிய ஒரு சொல்லையேனும் நற்செய்தி நூல்கள் தரவில்லை. ஆயினும் ஊரார் தச்சர் என்று அவரை அறிந்ததுபோலவே அவர் திருமகனையும் அறிந்திருந்தனர். தந்தையின் அருகில் நின்றே மகன் தொழில் கற்றிருப்பார் அன்றோ? நம் பிள்ளைகளோ தொழிற்சாலை வாயிலைத் தாண்ட இயலாது. ஆகவே தந்தை தம் வேலையை வாய்திறந்து சொல்லட்டும்: எந்த இயந்திரத்தில் நிற்கிறார், அதில் என்ன உருவாகிறது, எது கடினம் என்று. வார விடுமுறை எந்நாளில் வந்தாலும், அன்றைய குடும்ப செபத்தை அவரே தொடங்கட்டும்.

தாய்மாருக்கும் ஒரு விண்ணப்பம். அந்தப் பழைய சொல்லைக் கைவிட வேண்டாம்; அதன் பொருளை மாற்றினால் போதும். "அப்பா வரட்டும், நீ வரைந்த படத்தைக் காட்டுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் கண்கள் வாயிற்படியை ஆவலோடு நோக்கும்.