இந்தியத் தரைப்படையின் போர் ஆயத்தநிலை

போர் ஆயத்தநிலை என்பது, ஆணை கிடைத்தபின் ஒரு படை எத்தனை நாளில் களத்தை அடையும், அடைந்தபின் எத்தனை நாள் தாக்குப்பிடித்துச் சண்டையிடும் என்பதைக் குறிப்பதாகும். வீரர்களையும் டாங்கிகளையும் எண்ணி நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளமாக உள்ளன. அந்தப் பட்டியல்களைப் பார்த்து இதை அறிய முடியாது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களைக் கொண்ட இந்தியத் தரைப்படை இந்த வேறுபாட்டை 2001ஆம் ஆண்டின் இறுதியில் நேரடியாக உணர்ந்தது.

காத்திருக்க முடிந்த காலம்

1971 ஏப்ரலில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் இந்தியாவுக்குள் வரத் தொடங்கியிருந்தனர். உடனே படையெடுக்க முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, அவகாசம் வேண்டும் என்று தாம் கூறியதாகத் தரைப்படைத் தலைமைத் தளபதி சாம் மானெக்சா பின்னாளில் விவரித்துள்ளார். பருவமழை வந்தால் வங்கத்தின் ஆறுகள் பெருகி டாங்கிகள் நகர முடியாது. இமயமலைக் கணவாய்கள் திறந்திருக்கும் மாதங்களில் சீனா தலையிடவும் கூடும். பனி விழும்வரை காத்திருப்பதே நல்லது என்பது அவருடைய கணக்கு. திசம்பர் 3 அன்று தொடங்கிய போர் திசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படைகள் சரணடைந்ததுடன் முடிந்தது. பதின்மூன்று நாள் போருக்கு ஏறத்தாழ எட்டு மாத ஆயத்தம் தேவைப்பட்டது.

1998 மே மாதத்தில் இரு நாடுகளும் அணு ஆயுதச் சோதனை நடத்தியபின் இவ்வளவு நீண்ட அவகாசத்துக்கு இடமில்லாமல் போயிற்று. நெருக்கடி முற்றினால் வல்லரசுகள் சில வாரங்களுக்குள் தலையிட்டுவிடும்.

பராக்கிரம் நடவடிக்கை

2001 திசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் மேற்கு எல்லைக்குப் படைதிரட்ட அரசு ஆணையிட்டது. இதுவே பராக்கிரம் நடவடிக்கை எனப்படுகிறது. அப்போதைய போர்த்திட்டம் மூன்று ‘தாக்குதல் கோர்’களை நம்பியிருந்தது. கோர் என்பது பல டிவிசன்கள் சேர்ந்த பெரும் படைத்தொகுதியாகும். இம்மூன்றும் மதுரா, அம்பாலா, போபால் ஆகிய இடங்களில், அதாவது எல்லையிலிருந்து தொலைவில் இருந்தன. கவசப் படைகளைக் கொண்டு எதிரியின் நிலப்பரப்புக்குள் ஆழமாக ஊடுருவும் இந்தக் கோட்பாடு, 1986 முதல் 1988 வரை தலைமைத் தளபதியாக இருந்த கிருஷ்ணசாமி சுந்தர்ஜியின் பெயரால் அறியப்படுகிறது. இவர் செங்கல்பட்டில் பிறந்த தமிழர்.

டாங்கிகளும் பீரங்கிகளும் தொடர்வண்டிகளில் ஏறி இராசத்தான், பஞ்சாப் எல்லைகளை அடைய ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. இதற்குள் பாகிஸ்தான் தன் படைகளை எதிரே நிறுத்திவிட்டது. 2002 சனவரி 12 அன்று முசாரப் தீவிரவாத அமைப்புகளைத் தடை செய்வதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அமெரிக்காவின் நெருக்குதலும் கூடியது. தாக்குவதற்கான வாய்ப்பு கடந்துபோனது. பத்து மாதங்கள் எல்லையில் நின்ற படைகளுக்கு 2002 அக்டோபரில் திரும்பும் ஆணை வந்தது. போரே நடக்கவில்லை; ஆயினும் தாங்களே புதைத்த கண்ணிவெடிகளாலும் விபத்துகளாலும் வீரர்கள் பலர் உயிரிழந்தனர்.

இதன் விளைவாக 2004இல் ‘கோல்ட் ஸ்டார்ட்’ என்ற கருத்து பேசப்பட்டது. பெரிய கோர் முழுவதும் திரளும்வரை காத்திருக்காமல், எல்லைக்கு அருகிலேயே உள்ள சிறிய, தன்னிறைவான போர்க்குழுக்கள் சில நாட்களுக்குள் தாக்க வேண்டும் என்பது இதன் சாரம். அப்படி ஒரு திட்டம் இருப்பதை அதிகாரிகள் பல ஆண்டுகள் வெளிப்படையாக ஏற்கவில்லை. 2017 சனவரியில்தான் தளபதி பிபின் ராவத் அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டார்.

வெடிபொருள் கையிருப்பு

விரைவாகச் செல்வதால் மட்டும் பயனில்லை, சுடுவதற்குக் குண்டும் வேண்டும். இந்தியத் தரைப்படை தன் கையிருப்பை ‘தீவிரச் சண்டை நாள்’ என்ற அலகால் அளக்கிறது. 30 நாள் தீவிரச் சண்டைக்கும் 30 நாள் இயல்பான சண்டைக்கும் இருப்பு வேண்டும் என்பது விதி. மூன்று இயல்பு நாட்கள் ஒரு தீவிர நாளுக்குச் சமமாகக் கொள்ளப்படுவதால், மொத்தம் 40 தீவிர நாட்கள் ஆகின்றன.

நடைமுறை வேறாக இருந்தது. 2015இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013 மார்ச்சில் 170 வகை வெடிபொருட்களில் 17 மட்டுமே 40 நாள் அளவை எட்டின. 85 வகைகள் பத்து நாளுக்கும் குறைவாகவே இருந்தன. 2016 செப்டம்பரில் ஆய்வு செய்த 152 வகைகளில் 61 இன்னும் பத்து நாளுக்குக் கீழேயே இருந்தன. அதே மாதம் ஊரியில் நடந்த தாக்குதலுக்குப் பின்னர், அமைச்சகத்தின் நீண்ட ஒப்புதல் நடைமுறையின்றி வாங்கும் அதிகாரம் துணைத் தலைமைத் தளபதிக்கு வழங்கப்பட்டது. நெருக்கடி வந்தபின் அவசரமாக, கிடைத்த விலைக்கு வாங்கும் இவ்வழக்கம் கார்கில் போரிலும் காணப்பட்டதுதான்.

கையிருப்பைப் பெருக்குவதும் எளிதன்று. வெடிபொருளுக்கு ஆயுட்காலம் உண்டு. பயன்படுத்தாவிட்டால் அழிக்க வேண்டும். எனவே கிடங்கை நிரப்புவதைப்போலவே தொழிற்சாலைகளைத் தொடர்ந்து இயங்க வைப்பதும் முதன்மையானது. நீலகிரியில் உள்ள அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை இத்தொடரின் ஒரு கண்ணி: குண்டைச் செலுத்தும் எரிபொருள் அங்கு உற்பத்தியாகிறது. அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன.

வடக்கு நோக்கிய திருப்பம்

2020 சூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கு மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். அதுவரை பாகிஸ்தானை மையமாகக் கொண்டிருந்த திட்டமிடல் அதன்பின் சீன எல்லையை நோக்கித் திரும்பியது. மதுராவின் தாக்குதல் கோரே வடக்கு எல்லைப் பணிக்கு மாற்றப்பட்டது.

இலடாக்கில் ஆயத்தநிலை என்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய், அரிசி, குளிர்தாங்கும் உடை, கூடாரம் ஆகியவற்றின் கணக்காகும். பனிக்காலத்தில் சோசி லா கணவாய் அடைபடும். அதற்குள் பல மாதங்களுக்கான பொருட்கள் மேலே போய்ச் சேர வேண்டும். சமவெளியிலிருந்து வரும் வீரரை உடனே முன்னரணுக்கு அனுப்பவும் இயலாது. மெல்லிய காற்றுக்கு உடல் பழகாவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து இறக்க நேரிடும். ஆகவே அவரைப் படிப்படியாகவே உயரத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையையும், 2024 மார்ச்சில் அருணாசலப் பிரதேசத்தில் திறக்கப்பட்ட சேலா சுரங்கப்பாதையையும் படைக்கலங்களாகவே கருதலாம்.

நிதியும் ஆளெடுப்பும்

2025–26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 6.81 இலட்சம் கோடி ரூபாய். அதில் 1.60 இலட்சம் கோடி ஓய்வூதியத்துக்கும், 1.80 இலட்சம் கோடி புதிய தளவாடங்கள் உள்ளிட்ட மூலதனச் செலவுக்கும் போகின்றன. இந்த இரு தொகைகளும் இவ்வளவு நெருங்கி நிற்பதுதான் திட்டமிடுவோரின் சிக்கல். 2022 சூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் வீரர்கள் நான்கு ஆண்டுகளுக்குச் சேர்க்கப்படுகின்றனர். அவர்களில் 25 விழுக்காட்டினர் வரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். இளமையான படையும் குறைந்த ஓய்வூதியச் சுமையும் கிடைக்கும் என்பது அரசின் வாதம். டாங்கி, பீரங்கி போன்றவற்றில் தேர்ச்சி பெறவே சில ஆண்டுகள் ஆகும், தேர்ந்தவரை அப்போது வெளியே அனுப்புவதா என்பது முன்னாள் அதிகாரிகள் பலரின் கேள்வி. தரைப்படையின் முதல் அணியினர் 2023 சனவரியில் பயிற்சியைத் தொடங்கினர். அவர்களுடைய நான்கு ஆண்டுகள் 2026ஆம் ஆண்டின் இறுதியையொட்டி நிறைவடைகின்றன.