ஏலரானைப் பூட்டும் முன்

ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களையும் பழைய மோட்டார் சைக்கிள்களையும் கழற்றிப் பூட்டியே கைதேர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சொந்தமாக விமானம் கட்ட ஆசைப்பட்டால் யாரும் கேலி செய்ய வேண்டாம். கேரளத்து இடுக்கியைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேசாத சஜி தாமஸ் கட்டிய சிறு விமானம் 2014இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களின் அடிவாரமான மணிமுத்தாறில் பறந்தது. அதை ஓட்டியவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. கட்டியவர் ஒருவர், சோதித்துப் பறந்தவர் அனுபவப்பட்ட இன்னொருவர் என்பதை நம் பிள்ளைகள் மனதில் வைக்க வேண்டும்.

எஞ்சின் நின்றாலும் விமானம் மிதந்து தரையிறங்க வாய்ப்புண்டு. சிறகின் பின்விளிம்பில் அசையும் ஏலரான், வாலில் உள்ள எலிவேட்டர், ரடர் ஆகியவை கைவிட்டால் தப்புவது மிக அரிது. ஏலரானின் பாரம் கீலுக்குப் பின்பக்கம் கூடிவிட்டால், குறிப்பிட்ட வேகத்தில் அது படபடவென்று அடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு அடியும் அடுத்த அடியைப் பெரிதாக்க, சில நொடிகளில் சிறகே பிய்ந்து போகலாம். அதனால்தான் பல வடிவமைப்புகளில் கீலுக்கு முன்பக்கம் ஈயம் வைத்துச் சமன் செய்கிறார்கள். சமன் பார்த்த பிறகு அழகுக்காக இன்னொரு பூச்சுப் பெயின்ட் அடித்தால்கூடக் கணக்கு மாறும். மறுபடியும் சமன் பார்த்தே பூட்ட வேண்டும்.

பூட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2018 நவம்பர் 11ஆம் திகதி போர்த்துக்கலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா விமானத்தில் ஏலரான் கேபிள்கள் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. விமானிகள் ஒரு பக்கம் திருப்ப, விமானம் மறுபக்கம் சாய்ந்தது. பெரும் போராட்டத்துக்குப் பிறகே பேஜா விமானத் தளத்தில் இறக்கினார்கள். தேர்ந்த பணிமனையிலேயே இப்படி நடந்தது. எனவே ஒருவர் உள்ளே உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கோலை இடது பக்கம் சாய்க்க, பூட்டாத இன்னொருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும்: இடது ஏலரான் மேலே எழ வேண்டும், வலது கீழே இறங்க வேண்டும். கீல் போல்ட்டின் நட்டில் பிளவு ஊசி போட்டு மடக்கியிருக்கிறதா என்பதையும் அந்த இரண்டாமவரே தொட்டுப் பார்க்கட்டும். ஒருமுறை கழற்றிய ஊசியை மறுபடி போடவே கூடாது.

நம் மலைக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. மாதக்கணக்கில் மழையும் பனிமூட்டமும் நிற்கும் ஊரில் லயத்துத் தாழ்வாரத்தில் மரச் சிறகை ஒட்டி வைத்தால் ஈரம் பசையைத் தின்னும். 1931இல் அமெரிக்காவின் கன்சாஸில் எட்டுப் பேரைப் பலிகொண்ட ஃபொக்கர் விமானத்தின் மரச் சிறகு, ஈரத்தால் பசை விட்டே உடைந்தது.

இனிச் சட்டம். 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சட்டத்தின் கீழ் இந்தத் துறையைக் கண்காணிப்பது கட்டுநாயக்கவில் இருக்கும் சிவில் விமான சேவைகள் அதிகார சபை. பதிவும், பறக்கத் தகுதியானது என்ற அனுமதியும் இல்லாமல் தோட்டத்து மைதானத்திலிருந்து ஒருமுறை எழும்பிப் பார்ப்பதும் குற்றம். கீழே லயங்களில் இருப்பவர்களின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. முதல் பலகையை அறுக்கும் முன்னரே அதிகார சபைக்கு எழுதி, எந்தெந்தக் கட்டத்தில் பரிசோதனை தேவை என்று கேளுங்கள். சிறகைத் துணியால் மூடிய பிறகு உள்ளே இருக்கும் பிழை எவர் கண்ணுக்கும் படாது.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதற்கு இடம் தருகிறது. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் போகலாம். அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும், வாங்கிய ஒவ்வொரு போல்ட்டின் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.