இருப்பறிந்து சமைத்தல்

மளிகைச் செலவைக் குறைக்க நினைக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் மலிவான கடையைத் தேடுகின்றன. ஆனால் டப்பாவில் இருப்பது தெரியாமல் மறுபடி வாங்கிய பருப்பும், ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அழுகிய கீரையும், வண்டு விழுந்த ரவையும் எந்த மலிவு விலையும் ஈடுகட்டாத இழப்புகள். 2023-24ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமக் குடும்பங்களின் மாதச் செலவில் ஏறத்தாழ 47 விழுக்காடும் நகரக் குடும்பங்களின் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடும் உணவுக்கே போகின்றன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையோ, இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. இருப்பதை முதலில் சமைத்து, இல்லாததை மட்டும் வாங்கும் பழக்கம் ஒரு குடும்பத்துக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இவ்விரு கணக்குகளும் சேர்ந்து காட்டுகின்றன.

கோயில் நகரமான திருவண்ணாமலைக்கு இந்த ஒழுங்கு புதியதன்று. பெருங்கோயில்களில் அரிசி, பருப்பு, நெய், மிளகு முதலியவற்றைச் சேர்த்து வைக்கும் அறைக்கு உக்கிராணம் என்று பெயர். எந்தப் பூசைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய் என்று முன்னரே வகுத்த அளவுத் திட்டத்துக்குப் படித்தரம் என்று பெயர். உக்கிராணத்தில் படித்தரப்படி அளந்த பொருளே மடப்பள்ளிக்குச் சென்று நைவேத்தியமாகும் என்பதால், அங்கே இருப்பும் அளவும் முன்னே செல்ல, சமையல் அவற்றைப் பின்தொடர்கிறது. வீட்டுக்கும் இதே முறை பொருந்தும்.

வெயில் தந்த சேமிப்பு

வட தமிழகத்தின் கடும் கோடைதான் வீட்டு இருப்பின் முதல் மூலதனம். காயில் உள்ள நீர் வற்றி உப்பும் ஏறிவிட்டால் நுண்ணுயிர்கள் வளரத் தேவையான ஈரம் கிடைப்பதில்லை; இதுவே வற்றலின் அறிவியல். கொத்தவரங்காய் மலிவாகக் கிடைக்கும் நாளில் அதை உப்பிட்டு அரைவேக்காடாக்கி, மோரில் ஊறவைத்து, ஒடித்தால் படக்கென்று ஒடியும்வரை மொட்டை மாடியில் காயவைத்தால், மழைக்காலத்தில் வத்தக்குழம்புக்கு வேறு காய் தேட வேண்டியதில்லை. சின்ன வெங்காயத்தை ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசறி, விளக்கெண்ணெய் தொட்டு உருண்டையாகப் பிடித்து, பல நாள் காயவைத்துச் செய்யும் வெங்காய வடகமும் இத்தகையதே. அதில் ஒரு சிட்டிகை கிள்ளித் தாளித்தால், வெங்காயம் விலையேறிய நாளிலும் காரக்குழம்பு மணக்கும்.

தானிய இருப்புக்கும் தனித்தனி இயல்பு உண்டு. ரேஷன் கடையில் விலையின்றிக் கிடைக்கும் அரிசியும், கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பும் மாதம் முழுவதும் நிற்க வேண்டுமானால் அவற்றை ஒருமுறை வெயில் காட்டி ஆறவைத்து, ஈரமில்லாத டப்பாவில் காய்ந்த மிளகாயோ வசம்போ போட்டு மூடுவது வழக்கம். ஜவ்வாது மலையில் விளையும் சாமை உமியோடு இருக்கும்வரை ஆண்டுக்கணக்கில் கெடாது. குத்தி அரிசியாக்கியபின் அதிலுள்ள எண்ணெய்ப்பசை காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கும் என்பதால் சிறிது சிறிதாக வாங்குவதே சிக்கனம். திருவண்ணாமலை மாவட்டத்தில் மிகுதியாக விளையும் மணிலாக்கொட்டையில் பூஞ்சை படர்ந்தால், அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகக்கூடும். அது வறுத்தாலும் முழுவதும் போகாது என்பதால் பூஞ்சை பிடித்த கொட்டையைக் கழித்துவிட வேண்டும்.

குளிர் தரும் சேமிப்பு

வெயில் நீரை நீக்கிச் செய்யும் வேலையை ஃப்ரீசர் நீரை உறையவைத்துச் செய்கிறது. ஆனால் உறைகுளிர் கிருமிகளைக் கொல்வதில்லை, அவற்றின் வளர்ச்சியை நிறுத்தி மட்டுமே வைக்கிறது. ஆகவே ஒருமுறை உறைநிலை தளர்ந்து வெளியே வெதுவெதுப்பாகிவிட்ட பொருளை மீண்டும் உள்ளே வைக்காமல், ஒரு வேளைக்குரிய அளவில் பிரித்து வைப்பதே பாதுகாப்பு. பொங்கலை ஒட்டி வரும் பச்சை மொச்சையை உரித்து, கொதிநீரில் 2 அல்லது 3 நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஆற்றி, ஈரம் போகத் துடைத்து உறையவைத்தால் நிறமும் சுவையும் நிற்கும். உறைகுளிரிலும் மெல்ல வேலை செய்து காயைக் கெடுக்கும் நொதிகளை அந்தக் கொதிநீர் முடக்கிவிடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகள் மூலம் 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. விலை சரிந்த வாரத்தில் தொக்காக வதக்கிச் சிறு டப்பாக்களில் உறையவைத்த வீட்டை அத்தகைய ஏற்றம் அவ்வளவாகத் தொடாது. மின்தடையின்போது கதவைத் திறக்காமல் இருந்தால், நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது சுமார் 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். இந்தக் கணக்கு −18 டிகிரி வரை குளிரும் தனி ஃப்ரீசருக்கே பொருந்தும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் சிறு உறைதட்டை அவ்வளவு நம்ப முடியாது.

தாளில் எழுதிய இருப்பு

இவற்றையெல்லாம் பயனாக்குவது மாதம் ஒருமுறை எடுக்கும் இருப்புக் கணக்குதான். டப்பாவிலும் பரணிலும் ஃப்ரீசரிலும் உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி, முன்பு வந்ததை முன்னே எடுத்து, விரைவில் கெடும் கீரையையும் காயையும் வாரத் தொடக்கத்திலும், வற்றல், பயறு, அப்பளம் ஆகியவற்றை வாரக் கடைசியிலும் சமைக்கும்படி வகுத்துக்கொண்டால், உழவர் சந்தைக்கு எடுத்துச் செல்லும் பட்டியல் தானே சுருங்கும். வற்றலிலும் அப்பளத்திலும் உப்பு மிகுதி என்பதால், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அவற்றை அளவோடு கொள்ள வேண்டும்.

எந்தச் சாடியில் என்ன மீதமிருக்கிறது என்பது பெரும்பாலான வீடுகளில் ஒரு பெண்ணின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் ஊருக்குப் போனால் வீடே கடையை நம்பத் தொடங்குகிறது, அவர் இருந்தாலோ சிக்கனத்தின் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அந்தக் கணக்கு அடுக்களைச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்க வேண்டும்; பருப்பைத் தீர்த்தவர் எவரோ அவரே அந்த வரியை அடிக்க வேண்டும். அப்போது, பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுபவர் கணவராயினும் மகனாயினும், என்ன வாங்க வேண்டும் என்று உள்ளே குரல் கொடுக்காமல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் படியிறங்குவார்.