நெடுந்தீவுக்கு எத்தனை வழி?

யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குப் போக எத்தனை வழி உண்டு? ஒரு பயணத்தில் ஒருமுறை மிதித்த இடத்தை மறுபடி மிதிக்கக்கூடாது, அதுதான் நிபந்தனை. பண்ணைப் பாலத்தால் போனால் வேலணை. பொன்னாலைப் பாலத்தால் போனால் காரைநகர், அங்கிருந்து ‘பாதை’ என்கிற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்தால் ஊர்காவற்றுறை. ஊர்காவற்றுறைக்கும் வேலணைக்கும் இடையே தரைவழியே ரோட்டு இருக்கிறது. எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறையில் படகெடுக்க வேண்டும். வேலணையிலிருந்து தாம்போதியால் புங்குடுதீவு. அங்கே குறிகாட்டுவானில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. மொத்தம் 9 இடங்கள், 9 இணைப்புகள்.

விடை இரண்டு. தீவுப்பகுதி ஆட்கள் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். கணினிக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை.

உயர்தர ஐ.சி.ரி. பாடத்தில் பைதன் படித்த பிள்ளை இதற்கு முதலில் எழுதுவது தற்சுழற்சிதான், அதாவது ரிகர்ஷன். ‘இங்கிருந்து தேடு’ என்று ஒரு சார்பு. நிற்கும் இடத்துக்கு அது அடையாளம் போடும். அடையாளமில்லாத ஒவ்வொரு பக்கத்து இடத்துக்கும் தன்னையே மறுபடி அழைக்கும். எல்லாம் பார்த்து முடிந்ததும் அடையாளத்தை அழித்துவிட்டுத் திரும்பும். பத்து வரிக்குள் முடிந்துவிடும், வாசிக்கவும் அழகாக இருக்கும்.

அது ஓடுவதைப் பின்தொடர்ந்து பாருங்கள். காரைநகரை முதலில் எடுத்தால் அடுத்தது ஊர்காவற்றுறை. எழுவைதீவுக்குப் போகும், அதற்கப்பால் வழியில்லை, திரும்பும். அனலைதீவிலும் அதே கதை. பிறகு வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, மறுபடி திரும்பல், கடைசியில் நெடுந்தீவு. முதல் விடை கிடைத்துவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு படியாக யாழ்ப்பாணம் வரை பின்வாங்கி, இம்முறை வேலணைப் பக்கம் இறங்கி இரண்டாம் விடையைப் பிடிக்கும்.

எழுவைதீவிலிருந்து திரும்பியபோது, அடுத்துப் பார்க்கவேண்டியது அனலைதீவு என்பது அதற்கு எப்படித் தெரிந்தது? நாங்கள் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. பைதன் எழுதிவைத்தது. ஒரு சார்பு அழைக்கப்படும்போதெல்லாம் யார் அழைத்தது, அவர் எந்த வரியில் நின்றார், அவருடைய மாறிகளின் பெறுமதி என்ன என்பதை ஓர் அடுக்கில் மேலே மேலே வைத்துக்கொண்டே போகும். திரும்பும்போது மேலிருப்பதை எடுக்கும். 1957இல் வந்த ஃபோர்ட்ரானில் இந்த வசதி இல்லை. அல்கோல் 60 மொழியில்தான் ஒரு சார்பு தன்னையே அழைப்பது பலருக்கும் அறிமுகமானது. அந்த வசதி இல்லாத மொழிகளில் அடுக்கை ஆட்கள் கையால்தான் கட்டினார்கள்.

தற்சுழற்சியை லூப்பாக மாற்றுவது என்றால் அந்தப் பழைய வேலையைத் திரும்ப எடுத்துச் செய்வதுதான்.

பலர் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அடுக்கிலிருந்து ஓர் இடத்தை எடு, அடையாளமில்லாத பக்கத்து இடங்களுக்கெல்லாம் அடையாளமிட்டு அடுக்கில் போடு, அடுக்கு காலியாகும் வரை தொடர். இணையத்தில் எங்கும் கிடைக்கிற செய்முறை இது. நெடுந்தீவை எட்டமுடியுமா என்ற கேள்விக்கு இது போதும். எத்தனை வழி என்றால் போதாது. ஊர்காவற்றுறையை எடுத்த கணமே அது அடுக்கைவிட்டுப் போய்விடுகிறது. அதன் கிளைகளெல்லாம் முடிந்தபின் அடையாளத்தை அழிக்க அங்கே ஒருவரும் இல்லை. அடையாளத்தை அழிக்காமல் விட்டால் ஒரு வழிதான் கிடைக்கும். அடையாளமே வேண்டாம் என்றால் போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் ஓயாமல் ஓடும்.

ஆகவே அடுக்கில் இடத்தின் பெயரோடு இன்னொன்றும் வேண்டும்: இங்கே எத்தனையாவது கிளை வரை பார்த்தாயிற்று என்ற எண். பயணக் கொப்பி ஒன்றில் ‘ஊர்காவற்றுறை, 2’ என்று குறித்துவைப்பது மாதிரி. லூப் ஒவ்வொரு சுற்றிலும் மேலே உள்ள வரியை எடுக்காமல் பார்க்க மட்டும் செய்யும். அது நெடுந்தீவு என்றால் அடுக்கைக் கீழிருந்து மேலாக வாசித்து அச்சிட்டு, அந்த வரியை நீக்கி, அடையாளத்தையும் அழிக்கும். வேறு இடமென்றால், மீதிக் கிளை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எண்ணை ஒன்று கூட்டி, அந்தக் கிளையில் அடையாளம் இல்லையென்றால் போட்டு மேலே வைக்கும். கிளை தீர்ந்திருந்தால் வரியை நீக்கி அடையாளத்தை அழிக்கும். இப்போது அடுக்கில் இருப்பதுதான் வந்த வழி. அதைத் தனியே சேமிக்கத் தேவையில்லை.

இதெல்லாம் எதற்கு? லூப் வேகமானது என்று சொல்வார்கள். அழைப்புச் செலவு கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் தேடவேண்டிய கிளைகளில் ஒன்றுகூடக் குறையாது. பைதனின் 1000 அழைப்பு எல்லையைக் காட்டிப் பயமுறுத்துபவர்களும் உண்டு. எட்டு ராணிப் புதிரில் ஆழம் 8, சுடோகுவில் கூடினால் 81. அங்கே அந்தப் பயம் வீண். யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் படத்தை 200க்கு 200 கட்டமாகப் பிரித்து, கட்டம் கட்டமாக நீல நிறம் பரப்பச் சொன்னால் அது வேறு கதை. 40,000 கட்டங்களில் தற்சுழற்சி இடையிலேயே விழுந்துவிடும்.

எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது வேறொன்று. அடுக்கு உங்கள் கையில் இருப்பதால் தேடலை எந்த இடத்திலும் நிறுத்தலாம். அடுக்கையும் அடையாளங்களையும் கோப்பில் எழுதிவைத்தால், கரண்ட் போனாலும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சில புதிர்களுக்கு அடுக்கே தேவையில்லை. மூன்று தண்டுகளுக்கிடையே தட்டுகளை மாற்றும் புதிர், 1883இல் எடுவார்ட் லூக்கா வெளியிட்ட ஹனோய் கோபுரம். அதில் ஆகச் சிறிய தட்டை ஒருமுறை, மற்றத் தட்டுகளில் நகர்த்தக்கூடிய ஒன்றை மறுமுறை என்று மாறிமாறி நகர்த்தினால் போதும். சிறிய தட்டு எப்போதும் ஒரே திசையில் சுற்றவேண்டும். தட்டுகள் ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா என்பதைப் பொறுத்துத் திசை மாறும். அப்படியான ஒழுங்கு எல்லாப் புதிரிலும் ஒளிந்திருப்பதில்லை.

மாற்றி எழுதப்போகிறவர்கள் முதலில் தற்சுழற்சியிலேயே எழுதி, இந்த ஒன்பது இடங்களில் ஓட்டி, இரண்டு விடையும் வருகிறதா என்று பாருங்கள். பிறகு லூப்பை எழுதி அதே இடங்களில் ஓட்டுங்கள். ஒரு விடை மட்டும் வந்தால், வரியை நீக்கும் இரண்டு இடத்திலும் அடையாளத்தை அழித்திருக்கிறீர்களா என்று முதலில் தேடுங்கள்.