பக்க அமைப்பு மென்பொருளும் இயங்குதள மாற்றமும்

அச்சிட்ட நூல் கையிலிருக்கும்வரை அதனை அச்சுக்கு ஆயத்தம் செய்த கணினிக் கோப்பினை எவரும் நினைப்பதில்லை. திருத்திய பதிப்பு வேண்டப்படும் காலத்தேதான் அது தேடப்படுகின்றது. தேடியெடுத்த கோப்பு புதிய கணினியில் திறவாமற்போதலும், திறந்தும் தமிழுக்கு மாறாக உரோமன் எழுத்துகளும் குறிகளும் சிதறித் தோன்றுதலும் பதிப்புத்தொழிலிற் பழகியோர் அறிந்தனவே. இக்குறை எவ்வாறு நேர்கின்றது, பாடபேதங்களோடு கூடிய பதிப்புகளுக்கு அதனால் விளையும் கேடு யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

மென்பொருள் தானே தனித்து இயங்குவதன்று. எழுத்தினைத் திரையில் வரைதல், கோப்பினைப் படித்தல், அச்சுப்பொறிக்கு அனுப்புதல் முதலிய தொழில்களை அஃது இயங்குதளத்தின் துணைகொண்டே செய்கின்றது. இயங்குதளம் புதுப்பிக்கப்படுங்கால் பழைய துணைகளுட் சில விலக்கப்படும். அவற்றை நம்பிய மென்பொருள் அன்றே நின்றுவிடும்.

தமிழ் நூல்கள் பலவற்றை அமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கர் இதற்குத் தக்க சான்று. 1985-இல் ஆல்டஸ் நிறுவனம் மெக்கின்டோஷ் கணினிக்கென அதனை வெளியிட்டது. 1994-இல் அந்நிறுவனம் அடோபியுடன் இணைந்தது. 2001-இல் வந்த 7.0 என்பதே அதன் இறுதிப் பெரும்பதிப்பு. மேக் ஓ.எஸ். எக்ஸ் என்னும் புதிய இயங்குதளத்திற்கென அது திருத்தி எழுதப்படவில்லை. 'கிளாசிக்' என்னும் இடைநிலை ஏற்பாட்டினுள்ளேயே அங்கு இயங்கிற்று. 2007-இல் வந்த லெப்பர்டு பதிப்பில் அவ்வேற்பாடு நீக்கப்படவே, பேஜ்மேக்கரும் ஒழிந்தது.

ஆயினும் ஒரு வழி எஞ்சியிருந்தது. 1999-இல் தோன்றிய இன்டிசைன், பேஜ்மேக்கர் 6.0 முதலான பதிப்புகளின் கோப்புகளைத் திறக்க வல்லது. 2012-இல் வெளிவந்த சி.எஸ். 6 வரை இவ்வாற்றல் இருந்தது. பின்னர் வந்தவற்றில் இல்லை. அந்தச் சி.எஸ். 6 தானும் 32 பிட் மென்பொருள். 2019-இல் வந்த மேக் இயங்குதளமாகிய கேட்டலினா 32 பிட் மென்பொருள் அனைத்தையும் மறுத்தது. கோப்பினைக் கடத்த உதவிய பாலமும் இங்ஙனம் இடிந்தது. நிறுவனத்தார் இதனை முன்னரே அறிவித்தனர் என்பது மெய்யே. அவ்வறிவிப்பினைப் பதிப்பாசிரியர் எத்துணைப் பேர் படித்தனர் என்பது வேறு வினா.

கோப்பு திறந்தாலும் இடர் தீர்ந்தபாடில்லை. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள், உரோமன் எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றியவை. கோப்பினுள் இருப்பது அவ்வெண்ணே. அதனைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. எழுத்துருவினை இயங்குதளமோ மென்பொருளோ ஏற்க மறுப்பின், தமிழ் மறையும். டைப் 1 என்னும் எழுத்துரு வகைக்குத் தான் அளித்துவந்த ஆதரவினை அடோபி நிறுவனம் 2023 சனவரியில் நிறுத்திக்கொண்டமை இங்கு நினைக்கத்தக்கது.

யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாமே எனின், அதுவும் எண்ணுமளவு எளிதன்று. பழைய முறையில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிற் பதிவாகும். யூனிகோடில் ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பிற்பகுதிக்கும் ளகரத்திற்கும் வடிவம் ஒன்றே. ஆராயாது மாற்றும் நிரல் 'ஒளி', 'தெளிவு' என்பவற்றில் ஔகாரம் கண்டு மயங்கும். வேறொன்று 'வௌவால்' என்பதனை 'வெளவால்' ஆக்கும். பின்னது பார்வைக்கு ஒத்திருத்தலின் மெய்ப்புப் பார்ப்போர் கண்ணுக்கும் தப்பிவிடும். தேடுங்கால் மட்டும் அகப்படாது.

இவற்றினும் பெரிய கேடு பாடபேதக் குறிப்புகளில் நேர்கின்றது. ஏடுகளை உரோமன் எழுத்துகளாற் குறிக்கும் பதிப்பில், 'ஏ' என்னும் ஏட்டினைச் சுட்டும் உரோமன் எழுத்தும் அதே எண்ணில் ஏற்றப்பட்ட தமிழ் வடிவமும் எழுத்துருவால் மட்டுமே வேறுபடுகின்றன. கோப்பிலிருந்து வெறும் எழுத்துத்தொடரை மட்டும் பிரித்தெடுப்பின் அவ்வேறுபாடு அழிகின்றது. எப்பாடம் எவ்வேட்டினது என்பது குழம்புகின்றது. மூலம் பிழைத்தால் யாப்பும் பொருளும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஏட்டுக்குறி பிழைத்தால் காட்டிக்கொடுப்பது யாதுமில்லை. ஏடு பின்னர்ச் சிதைந்திருப்பின் அச்சுப்படியே சான்றாய் எஞ்சும்.

ஆதலின், பழைய மென்பொருள் இயங்கும் கணினி உள்ளபோதே இயங்குதளத்தினைப் புதுப்பியாது சில செய்துகொள்ளல் வேண்டும். எழுத்துருக்களை உள்ளடக்கிய பி.டி.எப். படியினை முதலில் எடுத்தல் வேண்டும். பக்கத்தின் தோற்றமாவது அதனாற் பிழைக்கும். நெடுங்காலச் சேமிப்புக்கென 2005-இல் வகுக்கப்பட்ட பி.டி.எப்./ஏ என்னும் தரம் இதற்கு ஏற்றது. எழுத்துரு மாறும் இடந்தோறும் அடையாளம் இட்ட பின்னரே யூனிகோடாக்கம் தொடங்கற்பாலது. பழைய விண்டோஸினைப் புதிய கணினியினுள் மெய்நிகர் கணினியாக நிறுவி அதில் பேஜ்மேக்கரை இயக்குதலும் கூடும். மூலக் கோப்புடன் எழுத்துருக் கோப்புகளும் அங்கு இருத்தல் இன்றியமையாதது. மாற்றிய படியினை அச்சுநூலோடு ஒப்பிடுவோர் பாட்டினைப் பின்னர்ப் பார்க்கலாம். அடிக்குறிப்பினை முதலிற் பார்க்க.