காது கேளாப் பிள்ளைகளும் பன்மொழிக் கல்வியும்

தமிழிலே 'கேள்வி' என்னும் சொல்லுக்குக் கல்வி என்ற பொருளும் உண்டு. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டறிவதே படிப்பாக இருந்த காலத்தில் எழுந்த வழக்கு அது. திருவள்ளுவரும் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அங்ஙனமாயின், பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத பிள்ளையிடம் கல்வி எவ்வழியாகச் சென்று சேரும்? இவ்வினாவுக்கு விடை தேடிய ஆசிரியர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இரு கட்சியினராகப் பிரிந்து வாதிட்டு வந்துள்ளனர்.

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பாரிசு நகரில் லெப்பே என்னும் பாதிரியார் காது கேளாப் பிள்ளைகளைத் திரட்டிப் பாடம் நடத்தினார். அவர்கள் தமக்குள் வழங்கிய சைகைகளையே அவர் கருவியாகக் கொண்டார். செருமனியிலோ சாமுவேல் ஐனிக்கே என்பார் 1778-இல் லைப்சிக் நகரில் பள்ளி நிறுவி, வாய்ப்பேச்சைக் கற்பிப்பதே முறை என்றார். 1880-இல் மிலான் நகரில் கூடிய மாநாடு ஐனிக்கேயின் பக்கம் சாய்ந்து, வாய்ப்பேச்சு முறையே சிறந்ததென்று தீர்மானம் செய்தது. அதில் வாக்களித்தவருள் ஏறத்தாழ எல்லாரும் காது கேட்பவர். அதன்பின் பல நாடுகளில் சைகை வகுப்பறையினின்று விலக்கப்பட்டது. 2010-இல் வான்கூவர் நகரில் கூடிய அனைத்துலக மாநாடு, அத்தீர்மானத்தைத் தள்ளி, அதனால் நேர்ந்த தீங்கிற்கு வருத்தம் தெரிவித்தது.

உதடு காட்டுவதும் காட்டாததும்

வாய்ப்பேச்சு முறையின் இடர்ப்பாட்டைத் தமிழாசிரியர் எவரும் கண்ணாடி முன் நின்று தாமே கண்டுகொள்ளலாம். 'பாடு' என்றும் 'மாடு' என்றும் ஒலியின்றி உச்சரித்துப் பார்த்தால், உதடுகள் இரண்டிற்கும் ஒரே வகையாகவே அசையும். 'பட்டம்', 'மட்டம்' ஆகியனவும் அத்தகையனவே. பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறப்பன; மூக்கொலி ஒன்றே அவற்றை வேறுபடுத்துவது. அது கண்ணுக்குத் தெரியாது. ககரமோ வாயின் உள்ளே பிறப்பதால் உதட்டில் தோன்றுவதே இல்லை. முன்னரே மொழி அறிந்தவன் இடமும் பொருளும் நோக்கி உய்த்துணர்வான். மொழியையே இனிமேல்தான் கற்க வேண்டிய குழந்தை எதைக் கொண்டு உய்த்துணரும்?

சைகைமொழியும் மொழியே

சைகை என்பது வெறும் அபிநயம் என்ற எண்ணத்தை மாற்றியவர் அமெரிக்க அறிஞர் வில்லியம் சுடோக்கி. 1960-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கச் சைகைமொழியின் ஒவ்வொரு சொல்லையும் கையின் வடிவம், அது நிற்கும் இடம், அதன் அசைவு எனப் பகுத்துக் காட்டிற்று. எழுத்து மாறினால் சொல் மாறுவதுபோல, இவற்றுள் ஒன்று மாறினாலும் பொருள் மாறும். முகத்திற்கும் இலக்கணத்தில் பங்கு உண்டு. 'வந்தான்' என்பதை 'வந்தானா' என்று ஆகாரம் சேர்த்து நாம் வினாவாக்குகிறோம். பல சைகைமொழிகளில் புருவத்தை உயர்த்துவது அந்த ஆகாரத்தின் வேலையைச் செய்கிறது. உலகெங்கும் ஒரே சைகைமொழி வழங்குகிறது என்பதும் பிழையே. நாட்டுக்கு நாடு அது வேறுபடும்.

மலேசியாவும் சிங்கப்பூரும்

இந்நாட்டு வரலாறும் இதற்குச் சான்று. 1954-இல் பினாங்கில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி வாய்ப்பேச்சு முறையை மேற்கொண்டது. ஆயினும் விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் பிள்ளைகள் தமக்குள் கைகளால் உரையாடினர். அதிலிருந்து பினாங்குச் சைகைமொழி உருவாயிற்று. அதே 1954-இல், சாங்காயிலிருந்து வந்தவரும் காது கேளாதவருமான பெங் சூ யிங் சிங்கப்பூரில் சைகை வழியாகக் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். சாங்காய்ச் சைகைகளும், பின்னர் வந்த அமெரிக்கச் சைகைகளும், உள்ளூர் வழக்குகளும் கலந்து இன்றைய சிங்கப்பூர்ச் சைகைமொழி அமைந்துள்ளது.

1970-களின் பிற்பகுதியில் மலேசியப் பள்ளிகளில் பேச்சு, சைகை, எழுத்து யாவற்றையும் இணைக்கும் முறை புகுந்தது. அதற்கெனக் 'கோட் தாங்ஙான்' எனப்படும் மலாய்க் கைக்குறியீடு வகுக்கப்பட்டது. இது தனிமொழியன்று, மலாய் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டுவது. 'மக்கான்', 'மக்கானன்', 'டிமக்கான்' என ஒட்டுகளால் சொல் வேறுபடும்போது, ஒட்டுக்கும் தனிக் குறி காட்டப்படும். மலேசியச் சைகைமொழியோ தனக்கென இலக்கணம் உடையது. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளர் சட்டம் அதனைக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றுள்ளது. குறியீடு மலாய் எழுத்தறிவுக்குத் துணை செய்யலாம். கருத்தை விளக்கவும் கதை சொல்லவும் சைகைமொழியே இயல்பானது. இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்திருத்தல் ஆசிரியரின் முதற்கடமை.

கற்பிக்கும் முறைகள்

பன்மொழிக் கல்வியின் அடிப்படை இதுவே: பிள்ளை தடையின்றிக் கண்ணால் பெறக்கூடிய மொழியை முதலில் முழுமையாகப் பெற வேண்டும், ஏனைய மொழிகளை எழுத்து வாயிலாக அதன்மேல் கட்ட வேண்டும்.

அதற்குரிய முறைகளுள் ஒன்று சங்கிலி முறை. 'இக்கான்' என்ற மலாய்ச் சொல்லைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், மீனுக்குரிய சைகையைக் காட்டுவார். அச்சொல்லை எழுத்தெழுத்தாக விரல்களால் காட்டுவார். பலகையில் எழுதிய சொல்லைச் சுட்டுவார். மீண்டும் சைகைக்கு வருவார். பொருளும் எழுத்தும் இவ்வாறு பிணைக்கப்படும்.

மற்றொன்று ஒப்பீட்டு முறை. 'பூனை மரத்தில் ஏறியது', 'பூனை மரத்திலிருந்து இறங்கியது' என்னும் இரு தொடர்களை எடுத்துக்கொள்வோம். சைகையில் ஒரு கை நிமிர்ந்து மரமாக நிற்கும். மற்றொரு கை பூனையாகி அதன்மேல் ஏறும் அல்லது இறங்கும். 'இல்', 'இருந்து' என்பவற்றுக்குத் தனிச் சைகை வேண்டியதில்லை. கை செல்லும் திசையே அவற்றின் பொருளைத் தந்துவிடுகிறது. ஆகவே பிள்ளை 'பூனை மரம் ஏறு' என எழுதினால், அதனை அறிவுக்குறை என்று கொள்ளலாகாது. கையின் செலவில் அடங்கிய பொருள் தமிழில் எந்த உருபில் நிற்கிறது என்பது அப்பிள்ளைக்கு இன்னும் காட்டப்படவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து, 'இந்த அசைவு எழுத்தில் எங்கே இருக்கிறது?' என்று தேடச் செய்தால் வேற்றுமை விளங்கும்.

மூன்றாவது மறுகூற்று முறை. படித்த பத்தியைச் சொல்லுக்குச் சொல் காட்டாமல், கருத்தை உட்கொண்டு சைகைமொழியில் சொல்லச் செய்தலும், சைகையில் கண்ட கதையை எழுதச் செய்தலும் இதன்பாற்படும். காது கேளாத ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருப்பாராயின் பயன் பன்மடங்காகும்.

பேச்சு கெடுமோ?

சைகை கற்றால் பேச்சு வராது எனப் பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். செவிக்கருவியும், உட்செவியில் பொருத்தும் கருவியும் இன்று பல பிள்ளைகளுக்குப் பேச்சு கற்க உதவுகின்றன. ஆயினும் அவற்றின் பயன் எல்லார்க்கும் ஒரே அளவினதன்று. ரேச்சல் மேபெரியும் உடன் ஆய்ந்தோரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இளமையில் ஏதேனும் ஒரு மொழியை, அது சைகையாயினும் பேச்சாயினும், பெற்றவர் பின்னர் வேறு மொழியையும் நன்கு கற்றனர் என்றும், முதல்மொழியின்றி வளர்ந்தோர் பின்தங்கினர் என்றும் காட்டிற்று. அஞ்சத்தக்கது சைகையன்று, மொழியின்றிக் கழியும் குழந்தைப் பருவமே.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை

மலேசியாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த காது கேளாப் பிள்ளை, சிறப்புப் பள்ளியில் சைகையும் மலாயும் கற்கிறது. வீட்டிலோ தமிழ். பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது. பெற்றோருக்குச் சைகை தெரியாது எனில், பிள்ளை தன் குடும்பத்துள்ளேயே அயலாகிவிடும். பெற்றோர் சைகை கற்பது இதற்கு முதல் மருந்து. எழுத்துத் தமிழைச் சைகை வழியாகச் சிறிது சிறிதாகக் கற்பிப்பது அடுத்தது. பெயர்கள், உறவுமுறைச் சொற்கள், வீட்டில் வழங்கும் பண்டங்கள் என்று தொடங்கலாம். இது ஆகாத செயலன்று. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளோரன்சு சுவைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளி, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு நூறாண்டுக்கு மேலாகக் கல்வி அளித்து வருகிறது.

ஆயினும் வரிசை தவறலாகாது. முதல்மொழி ஊன்றுமுன் மூன்று எழுத்து மொழிகளைச் சுமத்துவது பிள்ளையைத் திணறச் செய்யும். சைகைமொழி வேரூன்றிய பின்னரே மலாயும் தமிழும் ஆங்கிலமும் ஒவ்வொன்றாகத் தழைக்கும்.

காது கேளாப் பிள்ளையை 'ஊமை' என்றழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் ஒழியவில்லை. பேசுவதற்குரிய மொழியைக் கொடாமல் வைத்துவிட்டுப் பேசாதவன் என்று பெயரிடுவது முறையாகுமா? அண்டை வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அத்தகைய குழந்தை இருப்பின், பள்ளி வயது வரும்வரை காத்திராமல் இன்றே சைகைமொழி கற்கச் செய்யுமாறு பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய தொண்டாகும்.